அம்மன் தாலியும் வார்னிஷ் போட்ட காயிலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை நோட்டை எடுத்து, அம்மனைக் கும்பிட்டு, தேதியை மட்டும் போட்டு மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு ஒரு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணம் இல்லை. எங்கள் ஊரில் இந்த விஷயத்தைச் சொல்கிறவர்கள் என்னைப் பெரிய ஆளாக்கித்தான் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம்தான். இப்போது இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. கடையைப் பாதி நாள்தான் திறக்கிறேன். கை ஓயும் முன்னால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சாமான்களை வைத்துச் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கும் பிள்ளைகள் படித்தால் போதும்.

1. காயில் கட்டுகிறவன்

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில். நான் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன். சுற்று வட்டாரத்தில் பம்புசெட் மோட்டார் எரிந்தால் என்னிடம்தான் வரும். எரிந்த காயிலை, அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, வெட்டி எடுத்து, எனாமல் ஒயரில் புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே முடி நுழையக் கூடாது. வார்னிஷ் உள்ளே இறங்கி மொத்தமும் ஒரே கட்டையாக இறுக வேண்டும். மோட்டார் ஓடும்போது ஒயர் அசைந்தால் உரசும், உரசினால் எரியும். "ராசு கட்டின காயிலைக் கடப்பாறை போட்டாத்தான் பிரிக்க முடியும்" என்று ஊரில் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

மெட்டல் டிடெக்டர் செய்யும் எண்ணம் அறுப்பு மிஷினால் வந்தது. வயலில் யாரோ அடித்துவிட்டு மறந்துபோன இரும்பு முளை மாட்டி பிளேடு உடைந்துகொண்டே இருந்தது. கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போதே இரும்பைத் தேடி எடுத்துவிடலாமே என்று தோன்றியது. செல்போனில் சர்க்யூட் பார்த்து, கும்பகோணத்தில் ஐசி, மாஸ்ஃபெட் எல்லாம் வாங்கி வந்தேன். பழைய யுபிஎஸ் பேட்டரி, கைப்பிடிக்கு பிவிசி பைப், காயில் வைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி மூடி.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்று இதற்குப் பெயர். காயிலுக்குச் சட்டென்று கரண்ட் கொடுத்து, சட்டென்று நிறுத்த வேண்டும். ஒரு நொடியில் நூறு தடவைக்கு மேல் இப்படி நடக்கும். நிறுத்தும்போது கீழே உலோகம் இருந்தால் அதற்குள் ஒரு துளி கரண்ட் ஓடி ஓயும். அந்தத் துளியைக் காயில் பிடித்துச் சத்தமாகக் கொடுக்கும். அவ்வளவுதான் சங்கதி.

காயிலை நான் எப்படிக் கட்டியிருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். இழுத்து, இறுக்கி, வரி பிசகாமல் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். பார்ப்பதற்குக் கம்பெனிச் சாமான் மாதிரி இருந்தது. கொல்லையில் மண்வெட்டியைப் புதைத்தேன், ஒரு முழத்துக்குக் கீழே இருந்தும் கத்தியது. பூட்டுக்குக் கத்தியது. மாட்டு லாடத்துக்குக் கத்தியது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

2. மணலில் மூடிய குழி

அந்தப் பங்குனியில் எங்கள் அம்மன் கோயில் திருவிழா. மேட்டூரில் தண்ணீர் நிறுத்திய பிறகு ஆறு வெறும் மணல்தான். வழக்கப்படி ஆற்று நடுவில் பந்தல் போட்டு, ஊற்றுத் தோண்டி, உற்சவர் அம்மனை அங்கே கொண்டுபோய் அபிஷேகம் செய்வோம். நகைகளை எல்லாம் பஞ்சாயத்தார் முன்னால் கழற்றித் தட்டில் வைப்பார்கள். தாலியை மட்டும் கழற்ற மாட்டார்கள். அம்மன் கழுத்துத் தாலியைக் கழற்றுவது எங்கள் ஊரில் இல்லை.

திரைக்குப் பின்னால் நின்று செய்கிறவர் பூசாரி சாமிக்கண்ணு ஒருவர்தான். நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பழைய சந்தனக் காப்பைக் கையால் வழித்தெடுத்து, பால், மஞ்சள் என்று வரிசையாக ஊற்றி, புதுப்புடவை சாத்தி, மாலை போட்டுத் திரையை விலக்கினார். அபிஷேகத் தண்ணீர், சந்தனம், பூ எல்லாம் பக்கத்தில் தோண்டிய குழியில் இறங்கும். யார் காலும் படக் கூடாது என்று அதன் மேல் மணலைத் தள்ளி மூடிவிடுவோம்.

கோயிலுக்குத் திரும்பி மாலையைக் களைந்தபோது அம்மன் கழுத்தில் தாலி இல்லை.

மறுநாள் ஆற்றில் இறங்கி அந்தக் குழியைத் தோண்டி மணலைச் சலித்தார்கள். ஒன்றும் இல்லை. சலித்ததை எல்லாம் குழியிலேயே கொட்டி மறுபடி மூடினார்கள். அதன் பிறகுதான் பேச்சு கிளம்பியது. திரைக்குப் பின்னால் வேறு யார் இருந்தது?

நாட்டாமைக்காரர் ரெங்கசாமி அண்ணன் நல்ல மனுஷர். அவரே என்னிடம் வந்தார். "ராசு, உன் மிஷினைக் கொண்டாப்பா. அந்த எடத்தையும் நடந்துவந்த பாதையையும் ஒரு தடவை பாத்துடுவோம். சாமிக்கண்ணு மேல வீணா ஒரு பேச்சு வேணாம்."

பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். கரையில் ஊர் மொத்தமும் நின்றது. குழி மேல் நாலு தடவை போனேன். பந்தல் போட்ட இடம், பாதை, படித்துறை, எதையும் விடவில்லை. ஒரு பந்தல் ஆணி அகப்பட்டது. உடைந்த கொலுசுத் திருகு மாதிரி ஏதோ இரும்பு ஒன்று அகப்பட்டது. அதற்கே கைதட்டினார்கள்.

"என்னப்பா சொல்லுது?" என்றார் நாட்டாமைக்காரர்.

"இங்க இல்லண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஊரே பார்க்கிறது. ஆணி எடுத்த பெருமை வேறு.

"மனுஷன் பொய் சொல்லுவான். மிஷின் பொய் சொல்லாதுண்ணே" என்றேன்.

எல்லோரும் சாமிக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

3. கற்பூரம்

அன்று சாயங்காலமே பஞ்சாயத்துக் கூடியது. நாட்டாமைக்காரர் மெதுவாகத்தான் பேசினார். "சாமிக்கண்ணு, நாங்க யாரும் ஒன்னும் சொல்லல. சன்னதியில ஒரு கற்பூரத்தை ஏத்தி அணைச்சு, நான் எடுக்கலன்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"மாட்டேண்ணே."

"ஏன்?"

"அவளுக்குக் காட்டுறதுக்குத்தான் நான் கற்பூரம் ஏத்துறது. எனக்காக ஏத்த மாட்டேன்."

"சத்தியம் பண்ணப் பயமா இருக்கோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பயமாத்தான் இருக்கு. இன்னிக்கு எனக்காக ஒன்னு ஏத்துனா, நாளைக்கு அவளுக்கு ஏத்துறப்ப கை கூசும்."

இடுப்பில் இருந்த கோயில் சாவியை எடுத்து நாட்டாமைக்காரர் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சித்திரை முதல் தேதி வேறு ஆளுக்குப் பூசை மணியைக் கொடுப்பது என்று முடிவானது. அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அடித்த மணி. அதுவரை சன்னதியில் விளக்கு மட்டும் ஏற்றினார்கள். நானும் தினமும் போய்க் கும்பிட்டேன். கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். மூளியாக இருந்த கழுத்தைப் பார்க்க முடியவில்லை.

பூசாரி வீட்டு அம்மாள் தண்ணீர் எடுக்க வந்தால் பைப்படியில் பேச்சு நின்றுபோகும் என்று என் வீட்டுக்காரி தனலெட்சுமி வந்து சொல்வாள். அவளுக்கு என் மேல் கோபம். வாய்விட்டுச் சொல்லாமல் சோற்றைத் தட்டில் வைக்கும் சத்தத்தில் சொல்வாள்.

4. தனலெட்சுமி செய்த சோதனை

தாலி காணாமல் போன எட்டாம் நாள் காலை. மிஷின் கடை பெஞ்சில் கிடந்தது. டீ கொண்டுவந்தவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"இதை எதை எதை வச்சுப் பாத்தீங்க?"

"மண்வெட்டி, பூட்டு, லாடம்..."

"அம்மன் கழுத்துல மண்வெட்டியா தொங்குச்சு?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. உலோகம்னா உலோகந்தான்."

"சரி, போடுங்க. பாப்போம்."

சுவிட்சைப் போட்டேன். அவள் தாலியைக் கழற்றவில்லை. பெஞ்சின் முன்னால் முழங்காலிட்டு, குனிந்து, கழுத்தில் கிடந்தபடியே தாலியைக் காயில் மேல் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் கயிற்றில் இருந்த தங்கப் பொட்டு வார்னிஷைத் தொட்டது.

சத்தம் வரவில்லை.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்தினாள். வரவில்லை. பூட்டை எடுத்துக் காட்டினேன். கத்தியது. மறுபடி தாலி. ஊமை.

அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பொய் சொல்லாத மிஷின்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீ ஆறிப்போனது. ஒரு மனுஷனைத் திருடனாக்கியிருக்கிறேன்.

திருவாரூரில் எனக்குப் பழக்கமான ரேடியோ மெக்கானிக் ஒருவர் உண்டு. உடனே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"காயில் எப்படிய்யா கட்டுன?" என்றார்.

"எப்பவும் போலத்தான். நெருக்கி இறுக்கி, வார்னிஷ் ஊத்தி..."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அட மகராசா! அது மோட்டாருய்யா. இதுக்கு ஒயர் ஒன்னோட ஒன்னு ஒட்டவே கூடாது. கோயில் பெரிய மணியை அடிச்சுட்டு, அது ஓயறதுக்குள்ள கொலுசுச் சத்தம் கேக்குதான்னு பாத்தா கேக்குமா? உன் காயிலே ஓயல. இரும்பு ரொம்ப நேரம் முனகும், அதனால அது கேட்டுது. பொட்டுத் தங்கம் கண் சிமிட்டுறதுக்குள்ள அடங்கிடும்."

முப்பது வருடமாக எது என் தொழிலுக்குப் பெருமையோ அதுவே இங்கே குற்றம். அந்தக் காயிலைப் பிரிக்க முடியவில்லை. கட்டர் வைத்து வெட்டித்தான் எடுத்தேன். தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரை எடுத்து, இறுக்காமல், இடைவெளி விட்டு, நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். தொளதொளவென்று இருந்தது. என் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தவன் இப்படிக் கட்டியிருந்தால் தலையில் குட்டியிருப்பேன். காயிலுக்குக் குறுக்கே போடும் ரெசிஸ்டரை ஒவ்வொன்றாக மாற்றி, பிரீசெட் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகி, காயில் அடங்கியதும் கேட்கும்படி கொண்டுவர இரண்டு நாள் போனது.

பத்தாம் நாள் மத்தியானம் தனலெட்சுமியைக் கூப்பிட்டேன். மறுபடி முழங்காலிட்டாள். ஒரு சாண் மேலே வரும்போதே "கிய்யு" என்றது. அவள் அப்படியே குனிந்த நிலையில் கும்பிட்டாள். அம்மனையா, மிஷினையா என்று நான் கேட்கவில்லை.

5. பதினோராம் நாள்

நாட்டாமைக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அந்த மிஷினுக்குத் தங்கமே தெரியாது. கோளாறு நான் கட்டுன காயிலுலதான். இன்னொரு தடவை பாக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்குப் பொய் சொல்லாதுன்ன. இன்னிக்கு அதுக்குப் புத்தி வந்துடுச்சாக்கும்?"

"எனக்குத்தாண்ணே வரணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை கரையில் பத்துப் பேர் கூட இல்லை. குழி மேல் மெதுவாக வீசினேன். இரண்டாவது வீச்சில் மெலிதாக ஒரு சத்தம். காயிலைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், நின்றது. திரும்பக் கொண்டுவந்தேன், வந்தது. கையால் மணலை வழித்தோம். ஒரு சாண் ஆழத்தில் எலுமிச்சை அளவில் காய்ந்த சந்தனக் கட்டி. அதைத் தூக்கினேன். மணல் ஊமையாகிவிட்டது. கட்டியைக் காயில் பக்கம் கொண்டுபோனேன், கத்தியது.

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. முதலில் சலித்தபோது இந்தக் கட்டிகள் சல்லடையில் நின்றிருக்கின்றன. அம்மன் மேனியில் இருந்த சந்தனம் என்று யாரும் உடைத்துப் பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பக் குழியிலேயே போட்டிருக்கிறார்கள்.

"உடை" என்றார் நாட்டாமைக்காரர்.

"நான் உடைக்கக் கூடாதுண்ணே. உடைக்க வேண்டியவர் வரட்டும்."

ஆள் போனது. சாமிக்கண்ணு குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். கட்டியை வாங்கி, ஊற்றுத் தண்ணீரில் நனைத்து, விரலால் தேய்த்தார். இற்றுப்போன மஞ்சள் கயிறு முதலில் வந்தது. அதன் பின்னால் பொட்டு. காப்பை வழித்தபோது சந்தனத்தோடு ஒட்டி வந்துவிட்டிருக்கிறது.

நாட்டாமைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மடியிலிருந்த சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். சாமிக்கண்ணு அதை வாங்கவில்லை. "சாவி இருக்கட்டும். மொதல்ல புதுக் கயிறு எடுங்க. பதினோரு நாளா அவ மூளியா நிக்கிறா" என்றார்.

6. பரிவட்டம்

எனக்குச் சொல்லக் கஷ்டமான இடம் இதுதான். அந்த வெள்ளிக்கிழமை, தாலியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என்று எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எனக்கு வேண்டாம், இவரைக் கெடுத்தவனே நான்தான் என்று ஊர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நாட்டாமைக்காரரிடம் வாசலில் சொன்னதை இத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. தலை குனிந்து நின்றேன். பரிவட்டம் கட்டுவது பூசாரியின் வேலை. சாமிக்கண்ணுதான் கட்டினார். என் நெற்றியில் துணியைச் சுற்றி முடிச்சுப் போடும்போது காதோரம் மெதுவாகச் சொன்னார்:

"ராசு, இனிமே சத்தம் வரலைன்னா, சத்தம் வரலைன்னு மட்டும் சொல்லு. இல்லைன்னு சொல்லாத."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தொழிலில் யாரும் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் சொன்னதில்லை. அதன் பிறகு மோட்டாரைச் சோதிக்க மாட்டும் சீரிஸ் லாம்ப் எரியவில்லை என்றால்கூட "லாம்ப் எரியலைங்க, வேற விதமாவும் பாக்கறேன்" என்றுதான் சொல்வேன். ஒன்றைத் தேடச் செய்த கருவியை அதே பொருளை வைத்துச் சோதிக்காமல் வெளியே எடுக்காதீர்கள். நன்றாக வரும் வேலையை எல்லா இடத்திலும் அப்படியே செய்யாதீர்கள்.

இப்போது ஊரில் சொல்லும் கதையில், அம்மன் என் கனவில் வந்து இடத்தைக் காட்டினாளாம், மிஷின் முதல் நாளே கத்தியதாம். பதினோரு நாள் கதையில் இல்லவே இல்லை. பைப்படியில் பேச்சு நின்றதும், சாவியைக் காலடியில் வைத்ததும் சாமிக்கண்ணுவுக்கும் அவர் வீட்டு அம்மாளுக்கும் நடந்தவை. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என் பெருமை மட்டும்தான். இதைப் படிக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்குக் கொடுங்கள், போனில் அனுப்பினாலும் சரி. கனவைச் சேர்க்க வேண்டாம், அந்தப் பதினோரு நாளை எடுக்கவும் வேண்டாம். "மிஷின் பொய் சொல்லாது" என்று நான் சொன்ன வார்த்தையை, நான் சொன்னதாகவே விட்டுவிடுங்கள்.