லைன்மேன் கண்ட பூ

முப்பத்தோரு வருடம் அவர் உயர்மின்கோபுரங்களுக்கு அடியில் நடந்தார். காட்டுக்குள் போகும் மின்வழித்தடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கம்பியை உரசும் கிளைகளை வெட்டிச் சாய்த்தால், அவற்றில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகளும் சேர்ந்து விழும். வெயிலில் கருகிவிடுமே என்று அவற்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். குளியலறை ஜன்னலில் ஆரம்பித்த செடிகள் மாடிப்படிவரை வந்துவிட்டன. செடிகளுக்கு ஊற்றியது போக மிஞ்சினால்தான் தனக்குத் தண்ணீர் என்று மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு பாறைச் சரிவில் அதுவரை பார்த்திராத பூவைக் கண்டார். விரல்நக அளவு, பழுப்பு இதழ்கள், நடுவில் மஞ்சள் நாக்கு. பாறை முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்தது. அவர் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. உதிர்ந்த பூ ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து, தாவரவியல் பேராசிரியை ஒருவரிடம் கொண்டுபோனார். உலகில் யாரும் இதுவரை பதிவு செய்யாத இனமாக இருக்கலாம், உறுதிப்படுத்தச் சில வருடம் ஆகும், அதுவரை இடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார் அந்த அம்மா.

ஓய்வுபெற்ற வாரம் ஒரே மகள் வெளியூரிலிருந்து வந்தாள். அவளிடம் மட்டும் மறைக்க மனம் வரவில்லை. இடத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்க் காட்டினார். பூக்களின் பக்கத்தில் அவரை உட்காரவைத்து அவள் படம் எடுத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இடத்தின் பெயரை எங்கும் எழுதவில்லை. 'என் அப்பா கண்டுபிடித்த பூ' என்று மட்டும் எழுதி இணையத்தில் போட்டாள்.

மூன்றாவது வாரம் வன அலுவலர் ஒருவர் வீடு தேடி வந்தார். சோதனைச் சாவடியில் ஐந்து சாக்கு நிறையச் செடிகள் பிடிபட்டிருந்தன. கடத்தியவனின் கைபேசியில் அதே படம். அவருடைய தோளுக்குப் பின்னால் தெரிந்த கோபுரத்தின் எண் பலகையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் செடி வளர்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், சாக்குகளை அவரிடமே ஒப்படைத்தார்கள். கத்தியால் சுரண்டி எடுத்தவை. முக்கால்வாசிக்கு வேரே இல்லை. அழுகியதை நறுக்கி, கரித்துண்டுகளில் கட்டி, ஈரம் காயாமல் ஆறு மாதம் பார்த்தார். நானூற்றுப் பத்தில் ஒன்பது பிழைத்தன.

மகள் படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைபேசியில் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதோடு சரி.

மனைவிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "ஏங்க, அவளை நல்லாத் திட்டிடுங்க. நீங்க திட்டாம இருக்கிறதைத்தான் அவளால தாங்க முடியலை."

அவர் கைபேசியை எடுத்தார். திட்ட வரவில்லை. "பலகைக்கு முன்னாடி போய் உட்கார்ந்தது நான்தாம்மா," என்றார். "முப்பத்தோரு வருஷம் அந்த நம்பரைப் பார்த்தவன். எனக்கே தோணலை. நீ வா."

மறுமுனையில் அழுகைதான் கேட்டது. அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டாள்.

ஒன்பதில் ஒன்று அடுத்த வருடம் பூத்தது. அதை வைத்துப் பேராசிரியை புதிய இனம் என்று உறுதிசெய்தார். கண்டுபிடித்தவர் பெயரையே சூட்டலாமா என்று கேட்டபோது, "அதோட நாசத்துக்கு வழிகாட்டினவன் பேரை அது ஏம்மா சுமக்கணும்?" என்றார் அவர். பாறையின் நிறத்தை வைத்து வேறு பெயர் வைத்தார்கள்.

ஆர்க்கிட் விதை தூசியைப்போல இருக்கும். காற்றில் போய் இடுக்குகளில் தங்கும். எங்காவது ஒன்று முளைத்திருக்கும் என்று மகளுக்கு நம்பிக்கை. மழை விட்டதும் இருவரும் சரிவுக்குப் போனார்கள். காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு வெடிப்பாக, முட்டி போட்டுத் தேடினார்கள். கத்தி கீறிய வெள்ளைக் கோடுகள் பாறையெங்கும் இருந்தன. பாசியைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை அவள் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் அவர் எழுந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

வெளிச்சம் குறைந்ததும், போகலாம் என்றார். அவள் இன்னும் ஒரே ஒரு வெடிப்பு பாக்கி என்றாள். அவர் உட்கார்ந்து, அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.