பார்வதியக்காவின் மாட்டுக்கு வைத்த கரு

சினை ஊசி போடும் வேலையில், சினை பிடித்தால் மாடு நல்ல மாடு. பிடிக்காவிட்டால் ஊசிக்காரன் சரியில்லை. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறியிறங்கிய சகாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது ஊசி

கொழுந்து பறிக்கும் பார்வதியக்காவுக்கு இருந்தது ஒரே மாடு, ஜெர்சிக் கலப்பு. ஒரு கன்று போட்டதோடு சரி. பால் வற்றியும் சினை நிற்கவில்லை. நான் ஐந்து ஊசி போட்டேன். ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்தில் மாடு மறுபடி பருவத்துக்குக் கத்தியது. அந்த லயத்துப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. ஐந்தாவதும் வீணானதும் அக்காவின் புருஷன் மாணிக்கம் என்னை மறித்துச் சொன்னார்: "இன்னும் ஒரு தடவ பாருங்க தம்பி. அதுவும் நிக்கலேன்னா இறைச்சிக்கடைக்காரனுக்குச் சொல்லிருவேன்."

ஏழாம் நாள்

அப்போதுதான் எங்கள் மாட்டு டொக்டர் கரு மாற்றத்தைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். நல்ல கறவைப் பசுவின் கருவை எடுத்து உறைய வைத்து, சினை நிற்காத மாட்டின் கருப்பைக்குள் வைப்பது. மாடு கத்தி ஏழு நாள் கழித்து வைக்க வேண்டும். லயத்தில் போன் கிடையாது. அதனால் ஏழாம் நாள் காலையில் எங்கள் ஆபீசுக்கு வந்து சொல்லும்படி அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை வந்து கூப்பிட்டார். உறைந்த கரு இருந்த நைட்ரஜன் கேனைக் காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு த்ரீவீலரில் போய் இறங்கினோம். கருவை வெளியே எடுக்குமுன், மாடு என்றைக்குக் கத்தியது என்று டொக்டர் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரம் என்றார் அக்கா. எண்ணிப் பார்த்தால் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கைவசம் இருந்ததோ ஒரே ஒரு கரு. நாளைக்கு வருகிறேன் என்று டொக்டர் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அக்கா அசரவேயில்லை: "செத்த வீட்டுல மொத நாளையும் சேத்துத்தானே எண்ணுவோம்? மாட்டுக்கு வேற கணக்குன்னா நீங்கதானே சொல்லியிருக்கணும்?"

தோள் வரை

மறுநாள் கரு வைத்தோம். மூன்று வாரம் ஆகியும் மாடு கத்தவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போய், தோள் வரை கையை விட்டுப் பார்த்தேன். சினைதான். அக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். மாணிக்கம் மலையில் வேலையாக இருந்தார். போகிற வழியில் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "நீங்க சொல்லாதீங்க தம்பி. அந்த மனுசன்கிட்ட நானே சொல்லணும்."

வாலைத் தூக்கிப் பார்த்தார்

பழுப்பு மாடு கறுப்பும் வெள்ளையுமாய்க் கன்று போட்டது. லயமே வந்து வேடிக்கை பார்த்தது. நல்ல கறவை வம்சம், கிடேரிக் கன்றாக இருக்க வேண்டும் என்பது டொக்டரின் ஆசை. வாலைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. காளைக்கன்று. சிங்களத்தில் அக்காவிடம் வருத்தம் சொன்னார். பால் கறந்துகொண்டிருந்த அக்கா சிங்களத்திலேயே அவரைத் தேற்றிவிட்டு, மாணிக்கத்தைக் காட்டி என்னிடம் சொன்னார்: "கன்னு எதுவா இருந்தா என்ன தம்பி, பால் வருதில்ல? இனி இறைச்சிக்கடைக்காரன் வந்தா இவரத்தான் புடிச்சுக் குடுப்பேன்."

பாதி வெற்றி என்று டொக்டர் அறிக்கை எழுதினார். அந்த லயத்தில் ஊசிக்காரனுக்குப் பாலில்லாத சாயத்தண்ணி போய்ப் பால் தேத்தண்ணி வந்த சங்கதியை எழுதத்தான் அதில் இடமில்லை.