நான் வெட்டிய பாராசூட் கயிறு

திருப்பூரில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் எனக்குப் பிசிறு வெட்டும் வேலை. மிஷின் ஒரு பூவைத் தைத்துவிட்டு அடுத்த பூவுக்குத் தாவும்போது நடுவில் நூலை இழுத்துக்கொண்டு போகும். அதை நறுக்க வேண்டும். பதினோரு வருஷமாக நறுக்குகிற கை, என்னைக் கேட்டுக்கொண்டா நறுக்கும்?

அந்த வாரம் வந்தது வட்ட பேட்ஜ். ஆள் இல்லாமல் விண்கலத்தை மேலே அனுப்பிச் சோதித்தார்களே, அதன் நினைவாக. நீலத் துணியில் மேலே மூன்று சிவப்பு பாராசூட், கீழே கூம்பு மாதிரி கலம், இடையில் மெல்லிய வெள்ளை நூல்கள். மதியத்துக்குள் முந்நூறையும் முடித்துவிட்டு, என்ன சுத்தம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

டீக்கு எழுந்தபோதுதான் மிஷின் மேல் ஒட்டியிருந்த சாம்பிளைப் பார்த்தேன். அதில் வெள்ளை நூல் அப்படியே இருந்தது. பிசிறு இல்லை, பாராசூட்டின் கயிறு. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். என் மடியில் கிடந்த கலங்கள் எல்லாம் பிடிமானமில்லாமல் விழுகின்றனவே என்ற பயம் அதைவிடப் பெரிது. இனி மேலே போகிற நிஜக் கலத்துக்கு நானே கேடு செய்துவிட்டேனா?

சொல்லாமல் பெட்டியில் அடுக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன், பாவி மனசு. ஆனால் கால் சூப்பர்வைசரிடம் போய் நின்றது. என்னைவிடச் சின்னவர்.

“ஏனுங்க தம்பி, கவுத்தையெல்லாம் வெட்டிப்போட்டனுங்க.”

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “திட்டறதுக்கு நேரமில்லீங்க அக்கா. ஊசிய எடுங்க.”

மூன்று நாள் கையாலேயே கயிறு போட்டோம். எண்ணும்போது பேட்ஜ் ஒன்று குறைந்தது. புதிதாக ஒன்று தைத்து அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து அடுத்த சோதனை. அன்று காலை டிபன் பையை உதறினால், அடியிலிருந்து அந்த ஒன்று விழுகிறது. கயிறு இல்லாமல். அதை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

யூனிட்டில் எல்லோரும் சூப்பர்வைசரின் போனைச் சுற்றி நின்றார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தேன். மேலே போய்விட்டது என்றார்கள். நான் முதல் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். இறங்குகிறது என்றார்கள். இரண்டாவது. விரலில் குத்தியதுகூட உறைக்கவில்லை. மூன்றாவதில் இருக்கும்போது கைதட்டல் கேட்டது. முடிச்சுப் போட்ட பிறகுதான் தலையைத் தூக்கினேன்.

“பாராசூட்டு விரிஞ்சிருச்சுங்க அக்கா,” என்றார் சூப்பர்வைசர். “இனியொருக்கா போறப்ப உள்ள ஆளுங்க இருப்பாங்களாமுங்க.”

நான் மறுபடி ஊசியை எடுத்து, அதே இடத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.