பின்கதவின் கீல்

என் தங்கை போராடி வாங்கியவை இவை. வாளியோடு லிஃப்டில் ஏறும் அனுமதி, நான்கு வருடம் கேட்டு. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவள் அறைக்கு ஒரு மின்விசிறி, இரண்டு வருடம் கேட்டு. "ஏய்" என்று கூப்பிட்டவர்கள் "வாளியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தது. அதற்கு எத்தனை வருடம் ஆனது என்று தெரியவில்லை. கடைசியாக, இருபத்திரண்டு வீட்டாரின் உயிர்.

ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் படி கழுவுவது அவள் வேலை. மொத்தம் நூற்றிரண்டு படிகள், நானே எண்ணியிருக்கிறேன். விடிந்ததும் மேல்மாடியில் தொடங்கிக் கீழே வருவாள். தண்ணீர் முழுவதும் பின்பக்க இரும்புக் கதவின் இடது மூலையில் வந்து சேர்ந்து, அடியில் உள்ள இடுக்கு வழியாக வெளியே போகும். பதினோரு வருடமாக இப்படித்தான். குடியிருப்பின் சங்கத் தலைவர் பார்க்கும்போதெல்லாம் திட்டுவார்.

"உன் தண்ணிதான் என் கதவத் தின்னுது."

"மேல போன்னு சொன்னா தண்ணி கேக்குமா சார்?" என்பாள்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். அவளுக்குப் பள்ளி வயது வந்தபோது அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதனால் அவளுக்கு எங்கும் கையெழுத்துக்குப் பதில் கைரேகைதான்.

நோய் பரவிய சமயத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமென்று அவளிடம் போனவள், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து மூன்றாம் மாடி டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. அன்று மாலையே சுகாதார அலுவலகத்திலிருந்து தலை முதல் கால் வரை மூடிய நான்கு பேர் வந்தார்கள். முன்வாசலைத் தகரத்தால் அடைத்து, அதில் ஒரு சின்னக் கதவு வைத்துப் பூட்டி, சாவியை வெளியே நின்ற காவலரிடம் கொடுத்தார்கள். பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பெரிய பூட்டு. பிறகு என் தங்கையிடம் ஒரு தாளை நீட்டினார்கள்.

"இங்க வைம்மா."

வைத்துவிட்டாள். அவர்கள் போன பிறகுதான் நகலைப் படித்தேன். இரண்டு பூட்டுக்கும் அவள் பொறுப்பு, உடைந்தால் தண்டனை அவளுக்கு என்று இருந்தது.

"படிக்கத் தெரிஞ்சவ பக்கத்துலயே நிக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?"

"முகமே தெரியாம நிக்கிறாங்கக்கா. பயத்துல வச்சிட்டேன்."

எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் எல்லா வீட்டிலும் எல்லா மெஷினும் பகலெல்லாம் ஓடின. மீட்டர் பெட்டிகள் முன்வாசலை ஒட்டி இருந்தன. பூட்டிய நான்காம் நாள் அங்கே கருகல் வாடை அடித்தது. அவள் தகர இடுக்கில் வாயை வைத்துக் காவலரைக் கூப்பிட்டாள்.

"சார், ஒயர் கருகுது. எலக்ட்ரீஷியன் யாரையாவது வரச் சொல்லுங்க."

"சீல் எடுக்கற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது. இன்னும் பத்து நாள்தானே, பொறுத்துக்கோ."

"நான் பொறுப்பேன் சார். நெருப்புகிட்ட யார் சொல்றது?"

அவர் சிரித்தார். சங்கத் தலைவரும் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தார். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அன்றிலிருந்து படி கழுவி முடித்ததும் அவள் பின்கதவின் மூலையில் குந்தி உட்கார்ந்து எதையோ பார்ப்பாள். "என்னடி?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாள்.

ஏழாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு மீட்டர் பெட்டி வெடித்தது. முன்பக்கம் முழுவதும் கரும்புகை. தகரத்தில் கை வைக்க முடியாத சூடு. காவலர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். சாவி அவர் பாக்கெட்டில்.

"அக்கா, மேலேருந்து ஒவ்வொரு வீடா தட்டு. எல்லாரையும் பின்கதவுக்கு இறக்கு!"

தட்டினேன். இறங்கி வந்தால் படியில் நிற்க இடமில்லை. புகை எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. குழந்தைகள் அழுதன. சங்கத் தலைவர் சுத்தியலால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார், அது அசையவில்லை. சாக்கடை குத்தும் கம்பியோடு என் தங்கை ஆட்களை இடித்துக்கொண்டு போனாள்.

"பூட்ட விடுங்க சார். இந்தப் பக்கம் வாங்க."

கீழ்க்கீல் துருவேறி அப்பளம் மாதிரி இருந்தது. கம்பியை விட்டு நெம்பினாள். மூன்றாவது நெம்பலில் பெயர்ந்தது. நான்கு பேர் கதவின் அடியைப் பிடித்து வெளியே தள்ள, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு வழி கிடைத்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். காய்ச்சல்கார டீச்சர் மட்டும் யாரையும் தொடக் கூடாதென்று மேலேயே ஒதுங்கி நின்றார். என் தங்கை ஏறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வாங்க டீச்சர். உங்க காய்ச்சல வெளிய போய்ப் பாத்துக்கலாம்."

கடைசியாக அவள் வந்தாள். இருமி முடித்ததும் தலைவரிடம் கேட்டாள்: "தண்ணி தின்னது போதுமா சார்?" அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். அங்கேயும் வெளியே போகக் கூடாது. என் தங்கை முதலில் வகுப்பறைக் கதவின் கீலைத் தடவிப் பார்த்தாள். புதுக் கீல். பாயை எடுத்து வாசற்படியிலேயே விரித்துக்கொண்டாள், யாரும் கதவைச் சாத்த முடியாதபடி.

மூன்றாம் நாள் சுகாதார அதிகாரி ஒருவர் ஒரு தாளும் மசிப்பெட்டியுமாக வந்தார். தலைவர் அவள் காதில் சொன்னார்: "ரேகைய வச்சிடும்மா. உனக்கு வம்பில்லாமத்தான் எழுதியிருக்கு."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அக்கா, நீ படி."

துருப்பிடித்த கதவு தானாக விழுந்தது என்று எழுதியிருந்தது.

"தானா விழல. நான் பேத்தேன். தானா விழுந்துச்சுன்னா, நாளைக்குப் புதுக் கீல் போட்டு மறுபடி பூட்டுவீங்க. அப்ப எதப் பேக்கறது?"

"உன் மேல கேஸ் வரும்மா."

"வரட்டும் சார். நாலாம் நாளே சொன்னேன், யாரும் வரல. அதையும் எழுதுங்க. இனிமே ரேகை கிடையாது, கையெழுத்துதான்."

"போடத் தெரியுமா?"

"நீங்க எழுதி எடுத்துட்டு வர்றதுக்குள்ள தெரிஞ்சுக்கறேன்."

அவர் திரும்பி வர எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் கரும்பலகையில் அவள் பெயரை எழுதிக் காட்டினேன். அவள் எழுதினாள், ஈரத்துணியால் துடைத்தாள், மறுபடி எழுதினாள்.

"இந்த எழுத்துக்கு எதுக்குக்கா இத்தன வளைவு? எல்லாம் அழுக்குச் சேர்ற இடம்."

புதுத் தாளை இரண்டு முறை படித்துக் காட்டினேன். கருகல் வாடையைச் சொன்னது, யாரும் வராதது, அவள் கையாலேயே கீலைப் பெயர்த்தது, எல்லாம் இருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தத் தெருவில் அடைத்த எந்தக் கட்டடத்திலும் பின்கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. நாற்காலி போட்டு ஒரு ஆளை உட்கார வைத்தார்கள்.

அந்தப் புதுத் தாளில், பேனாவைத் துடைப்பக்கட்டை மாதிரி இறுகப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்து எழுத்தையும் விடாமல் போட்டாள். ஜூன் பதினேழு, புதன்கிழமை.