அமுதவள்ளி வண்டிக்கு ஆம்பளைத் துணை

மற்ற ஜீப்புக்காரர்கள் சிலமலைத் தெருமுனையில் நின்று "ஏ வாங்கத்தா, நேரமாச்சு" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்க, அமுதவள்ளி ஹாரனை அமுக்குகிறாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அவள் வண்டிப் பெண்கள் அந்த ஓசை கேட்டதும் தூக்குச்சட்டியும் கையுமாக வந்து ஏறுவார்கள். முன்பு அவளும் கூவியவள்தான். அவள் சிலமலையில் கூவினால் பூப்பாறைக் காட்டில் படுத்திருக்கும் யானை எழுந்து மணி கேட்கும். இப்போது அந்தக் கனத்த குரலை எடுத்தால், இருட்டில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வருகிறது. சிரித்தவனைத் தேடிப் பிடித்துச் சண்டை போட ஆரம்பத்தில் தெம்பு இருந்தது. பிறகு ஹாரனே போதும் என்று விட்டுவிட்டாள்.

நாற்பதைத் தொடப்போகும் வயது. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பருத்த தோள். தினமும் சவரம் செய்து எலுமிச்சைத் தோல்போல் ஆகிவிட்ட கன்னம். மலை உச்சி மேட்டில் குளிர் ஆரம்பித்ததும் எல்லாரும் தலையோடு துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். அமுதவள்ளிக்கு அந்தக் குளிர் ஓர் உபகாரம், கன்னமும் மறைந்துபோகும். கொட்டாவி விடும்போது மட்டும் கையால் வாயை மறைத்துக்கொள்ள மறந்துவிடுகிறாள். கொட்டாவி அவளுக்கு அடிக்கடி வரும். தூக்கம் போதாததால் வருவதில்லை அது; ஊர்மேல் உள்ள அலுப்பில் வருவது.

போடி ஜீப் ஸ்டாண்டில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறாள். அதில் பெரும்பாலான வருஷம் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. வேண்டாததை மறப்பதில் என் ஞாபகசக்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் தன்னைச் சொல்லிக்கொண்ட விதத்தைத்தான் ஸ்டாண்டு இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு நாள் ஜீப்பின் நெற்றித் தகரத்தில் "அமுதவள்ளி" என்று மஞ்சள் பெயிண்டில் எழுதி வந்தது. அங்கே எல்லா ஜீப்பும் ஏதாவது ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சுமப்பதுதான். ஆனால் கல்யாணமே ஆகாத ஆளின் வண்டியில் யார் இந்த அமுதவள்ளி? ஸ்டாண்டுச் செயலாளர் வெள்ளைத்துரை விசாரணையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே, பொண்ணு எந்த ஊரு?"

"இந்த ஊருதாண்ணே."

"நமக்குத் தெரிஞ்ச வீடா?"

"நல்லாத் தெரிஞ்ச வீடுதேன்."

"கூட்டியாந்து காட்டுப்பா ஒரு நாளைக்கு."

"காட்டுறேண்ணே. தைரியம் வரட்டும்."

"பொண்ணுக்கா, ஒனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தேன்."

அரை வருஷத்துக்கு மேல் இந்தக் கேலி ஓடியது. வெள்ளைத்துரை பந்தல்காரனிடம்கூடச் சொல்லி வைத்துவிட்டார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, கிளிப்பச்சைச் சுடிதாரும் அதன்மேல் வழக்கமான காக்கிச் சட்டையுமாக அவள் வந்து இறங்கினாள். "பாக்கணும்னீகள்லண்ணே. இந்தா, நாந்தேன் அமுதவள்ளி." ஸ்டாண்டில் உறுமிக்கொண்டிருந்த எஞ்சின்கள் எல்லாம் தாமாகவே அணைந்துவிட்டன என்கிறார்கள். வெள்ளைத்துரையின் வண்டி அன்றிலிருந்து தள்ளினால்தான் கிளம்புகிறது. அவருக்குக் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். கைக்கெட்டிய கல்யாணச் சாப்பாடு போயிற்றே.

கூட்டம் போட்டார்கள். அவளை நீக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போடிக்காரர்கள் அவ்வளவு கல்நெஞ்சர்கள் இல்லை. வெள்ளைத்துரை நியாயமாகத்தான் பேசினார். "வண்டி ஓட்டு, வேணாங்கல. பொம்பளையா ஓட்டாத. ஸ்டாண்டுல இருக்கம்புட்டு நேரமாச்சும் பேண்ட்டப் போடு. மேட்டத் தாண்டிட்டா என்னமும் உடுத்திக்க. காக்கிச் சட்டை போட்டவன் டிரைவரு. சுடிதாருக்கு மேல காக்கிச் சட்டைன்னா அது என்ன கணக்கு?"

"சட்டை சட்டதானண்ணே" என்றாள் அவள்.

அவளுடைய ஜீப்பில் ஏறும் பெண்கள் அத்தனை பேரும் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் காய் எடுக்கிறார்கள். அட்டைக் கடிக்கும் ஈர இலைக்கும் அதுதான் காப்பு. அதற்கு இதுவரை யாரும் கூட்டம் போட்டதில்லை.

சுடிதாரில் வந்த மறுநாளிலிருந்து அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது என்று ஸ்டாண்டு முடிவு செய்துவிட்டது. யாருக்கு அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாளோ, அவனே பின்னால் போய் நின்று "வா, வா, ஒடி, ஒடி" என்று கையாட்டுகிறான். டயரைக் கழற்ற உட்கார்ந்தால் நான்கு பேர் ஓடிவந்து பானாவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் "நீ உக்காரு, நீ உக்காரு" என்று முழு பெஞ்சும் எழுந்துகொள்கிறது. இதற்கெல்லாம் மரியாதை என்று பெயர். "வையிறவன் கூட ஒரு வசவோட முடிச்சிர்றான் பெரியம்மா. இவுக மரியாதைதேன் சாயந்தரம் வரைக்கும் வருது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

வீட்டில் அவள் அம்மா பழைய பெயரையும் சொல்வதில்லை, புதிய பெயரையும் சொல்வதில்லை. "இந்தா, சோறு ஆறுது" என்கிறாள். அமுதவள்ளிக்கு இப்போதைக்கு "இந்தா" போதும்.

ஸ்டாண்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு செட்டு இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள், வருஷக்கணக்காக ஒரே வண்டி. செட்டு கலைந்த வண்டிக்கு அங்கே வரிசையில் முறை கிடையாது. செட்டுப் போய்விட்டால் தான் என்ன வேலை செய்து பிழைக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும் என்பது அமுதவள்ளிக்குத் தெரியும். ரயிலில் கைதட்டுவதற்கு அவளுக்கு விருப்பமில்லை. ஜீப் ஓட்டத்தான் பிடிக்கும்.

அவளுடைய செட்டின் தலைவி கருத்தம்மா. சிலமலையில் ஆள் சேர்ப்பதும், வராதவள் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அவள் பொறுப்பு. அமுதவள்ளியைச் சுடிதாரில் பார்த்த அன்று கருத்தம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பச்சை எடுக்கல ஒனக்கு. மெரூன் எடு" என்று மட்டும் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். சிக்கல் பெண்களிடமிருந்து வரவில்லை. அவர்கள் வீட்டு ஆண்களிடமிருந்து வந்தது. சிலமலைக் கணவன்மார்கள் கூடிப் பேசினார்கள். இதுநாள்வரை வண்டியில் டிரைவர் என்று ஓர் ஆண் இருந்தான். இப்போது அவனும் பொம்பளை என்றால், அந்திக் கருக்கலில் யானை நடமாடும் ரோட்டில் ஆம்பளையே இல்லாமல் ஒரு வண்டி வருகிறதே?

"யானை ஆம்பளை பொம்பளை பாத்தா வருது?" என்று கருத்தம்மா கேட்டுப் பார்த்தாள். எடுபடவில்லை.

கவனியுங்கள், அமுதவள்ளியை முழுப் பெண்ணாக முதன்முதலில் ஒப்புக்கொண்டவர்கள் இந்தக் கணவன்மார்கள்தான். ஒப்புக்கொண்ட கையோடு அவள்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டார்கள்.

முடிவில் ஓர் ஆம்பளைத் துணை நியமனம் ஆனது. கருத்தம்மாவின் புருஷன் ஒச்சப்பன். சும்மா இருப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு இணை கிடையாது. ஒருமுறை அவர்மேல் கொடி படர்ந்து பூத்துக் காயும் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். மீசை மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். அவர் ஏறியதில் ஓர் இடம் போயிற்று. செட்டில் இளையவள் பாண்டீஸ்வரி, கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். அவள்தான் கூலி இழந்து வீட்டில் நின்றாள்.

முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே துணைக்கு வந்தவரின் முகம் வெளுத்தது. இரண்டாவது வளைவில் வாந்தி. மூன்றாவதில் கருத்தம்மா வேட்டியை ஒரு பக்கமும் இன்னொருத்தி சட்டைக் காலரை ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவர் வெளியே தலையை நீட்டிக் கும்பிட்டார். "ஆத்தா, அமுதவள்ளி ஆத்தா, ஒன் காலப் புடிக்கிறேன், வண்டிய நிறுத்துத்தா!" ஸ்டாண்டில் கேட்டுக் கேட்டு வாங்க முடியாத பெயரை ஒரு வாந்தி வாங்கிக் கொடுத்தது. மற்ற பெண்கள் சிரித்தார்கள். அமுதவள்ளி சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவருக்கு வாய் கொப்பளிக்க ஊற்றினாள்.

பிறகு ஓர் ஏற்பாடு பிறந்தது. ஒச்சப்பன் சிலமலையில் எல்லாக் கணவன்மாரும் பார்க்க மீசையை நீவிக்கொண்டு முன்சீட்டில் ஏறுவார். மலையடியில் முந்தல் டீக்கடையில் இறங்கிக்கொள்வார். காசில்லாத மகளிர் பஸ்சில் முன்னாலேயே வந்து காத்திருக்கும் பாண்டீஸ்வரி அந்த இடத்தில் ஏறிக்கொள்வாள். சாயங்காலம் இதையே தலைகீழாகச் செய்வார்கள். யானை ரோட்டில் துணை கிடையாது. ஊருக்குள் நுழையும்போது துணை உண்டு. அப்பாவி ஒச்சப்பன் பகல் பூராவும் டீக்கடைக்காரனுக்கு யானைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எப்படி ஓடுது பொழப்பு?" என்று அவளைக் கேட்டேன்.

"ஸ்டாண்டுல நா பொம்பளை இல்ல. சிலமலைல நா ஆம்பளை இல்ல. முந்தல்ல இருந்து மேடு வரைக்கும் நா டிரைவரு. அம்புட்டுத்தேன் பெரியம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி.

இதில் வெள்ளைத்துரை உள்ளே புகுந்தார். போன மாதம் கருத்தம்மாவை வழியில் மறித்து, அவர் கேட்டது இது: "எதுக்குத்தா இந்தத் தில்லாலங்கடி? செட்ட எங்கிட்டக் கொண்டா. ஓட்டுறது நெசமான ஆம்பளை, தனியாத் தொணை வேணாம். அந்தப் புள்ள பாண்டீஸ்வரி பஸ்சுக்கு ஓட வேண்டியதில்ல. ஒம் புருசனும் வீட்டுல படுத்துக்குவாரு." ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். கருத்தம்மா "பாப்போம்" என்றாள். அந்தப் "பாப்போம்" அன்று மாலைக்குள் அமுதவள்ளியின் காதுக்கு வந்துவிட்டது. அவள் மறுநாள் ஹாரனை அமுக்கிவிட்டு, ஆள் வருகிறதா என்று தெருவைப் பார்க்காமல், ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூப்பாறையில் என் தங்கை மகளைப் பார்த்துவிட்டு, நேற்று அந்த ஜீப்பில்தான் இறங்கினேன். காய்ச்சலில் இரண்டு பேர் வராததால் எனக்கு இடம் கிடைத்தது. முன்சீட்டில் ஓரத்தில் நான், கியரை ஒட்டி நடுவில் பாண்டீஸ்வரி. மழை பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து கீழே ஒரு பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் மூடுபனி. பின்னால் பகல் முழுக்க நனைந்த உடம்புகள். ஏலக்காய் வாடையும் ஈரத்துணி வாடையும்.

"மாமா வண்டிக்குப் போறோமா, இல்லையாக்கா?" என்று பாண்டீஸ்வரி திடீரென்று பின்பக்கம் திரும்பிக் கேட்டாள். வெள்ளைத்துரை அவளுக்குத் தூரத்து மாமா முறை.

"பஸ்சுக்கு ஓடுறவ நீ. நீதேன் சொல்லணும்" என்றது கருத்தம்மாவின் குரல்.

அமுதவள்ளி கியரைக் குறைத்தாள். காதில் விழாத மாதிரி ரோட்டைப் பார்த்தாள்.

வளைவுகள் முடியும் இடத்தில் மழை சற்று ஓய்ந்தது. பின்னால் பெண்கள் நனைந்த மேல்துணிகளைக் கழற்றிப் பிழிய ஆரம்பித்தார்கள். பெண்கள் செட்டு ஏற்றும் ஜீப்புகளில் அந்த நேரத்துக்கு ஒரு முறை உண்டு; ஓட்டுகிறவன் பின்னால் இருப்பவர்களைப் பார்க்காதபடி, உள்ளே தொங்கும் கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பிவிட வேண்டும். அமுதவள்ளியின் இடது கை, யாரும் சொல்லாமலே, மேலே போய்க் கண்ணாடியைத் திருப்பியது.

பாண்டீஸ்வரி அதை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அமுதவள்ளி மறுபடி திருப்பினாள். "துணி மாத்துறாகத்தா" என்றாள், மெதுவாக.

"மாத்தட்டும்" என்று பாண்டீஸ்வரி மறுபடி இழுத்து இறக்கினாள். பின்னால் துணி பிழிகிற சத்தம் நிற்கவில்லை. அவள் அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், நனைந்து நழுவிய ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் பெயர்த்தெடுத்து, வீட்டுக் கண்ணாடியில் ஒட்டுகிறாற்போல அதன் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.