சொதிக்குக் காவல்

என் மனைவி வைத்த சொதி திரிந்துபோனது என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே நம்புவதற்கு நேரமானது.

போன தை மாதம் அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம். மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டு விருந்து. திருநெல்வேலியில் அந்த விருந்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி இல்லையென்றால் பேச்சு தலைமுறைக்கும் ஓடும். தேங்காயை மூன்று தடவை பிழிந்து பால் எடுப்பார்கள். நீர்த்த மூன்றாம் பாலில் காய் வேகும், அப்புறம் இரண்டாம் பால், கெட்டியான முதல் பால் கடைசியில், அதுவும் கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். சமையலுக்கு ஆள் வைத்தாலும் சொதியை மட்டும் என் மனைவியிடம்தான் விடுவார்கள். அன்றைக்கு அவள் முதல் பாலைத் தூக்கிக் கொதிக்கிற காயில் ஊற்றினாள். திட்டுத் திட்டாகத் திரிந்ததைக் கிண்டிக்கொண்டே நின்றாள்.

"என்னளா செஞ்ச?" என்றேன்.

"ஆளாளுக்குத் தொணதொணன்னு பேசுனா கவனம் எங்கன இருக்கும்? நீங்க மொதல்ல அங்கன போங்க."

திட்டு வாங்கியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் என்னோடு மல்லுக்கு நிற்கிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள் என்று பொருள். மழை வரும்போல என்று நான் சொன்னால் வராது என்பாள். குடையை எடுத்து வைத்துவிட்டுத்தான் அதையும் சொல்வாள். மறுபேச்சில்லாமல் நான் சொன்ன எதையும் அவள் ஒத்துக்கொண்டது கிடையாது.

ஆனாலும் கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் காலையில் சேர்ந்து நடக்கிறவர்களிடம் யாருக்கோ நடந்ததுபோல் இதைச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் இதற்காகவே காத்திருந்ததுபோல் ஆளுக்கொரு கதையை எடுத்தார்கள். ஒருவருடைய அண்ணன் திருச்செந்தூர் போய்விட்டு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். "எங்க அத்தையும் இப்படித்தான் வே ஆரம்பிச்சா. வயசாயிட்டுன்னு விட்டுட்டோம்" என்றார் இன்னொருவர். இத்தனை வருடம் தினமும் சேர்ந்து நடந்திருக்கிறோம். அரசியல், விலைவாசி, முழங்கால் வலி எல்லாம் பேசியாயிற்று. இத்தனை வீடுகளில் இருக்கிற ஒரு விஷயத்தை ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போக, எனக்குத் தலை சுற்றுகிறது என்று அவளிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரிடம் விஷயத்தை முன்பே சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் அவளிடம் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அவள் தடுமாறியபோதெல்லாம் நானே பதிலை எடுத்துக் கொடுத்தேன். "சார், பரீட்சை உங்களுக்கு இல்லை" என்று டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்.

பிறகு இருவரையும் வைத்துப் பேசினார். வயதானால் எல்லோருக்கும் மறதி நோய் வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் வயது ஏற ஏற நிறையப் பேருக்கு வருகிறது என்றார். கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, நடக்காமல் உட்கார்ந்தே இருப்பது, காது மந்தம், பேச ஆளில்லாத தனிமை, இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும், வந்துதான் ஆகும் என்று அர்த்தமில்லை என்றார். நான் மனதுக்குள் பங்கு பிரித்தேன். சர்க்கரை அவளுக்கு. காது மந்தமும் அவளுக்கு. மகள் துபாய்க்குப் போனபிறகு தனிமை இருவருக்கும். அழுத்தமும் முப்பது வருடச் சிகரெட்டும் எனக்கு.

"அப்ப இவுகளையும் சோதிங்க டாக்டர். கண்ணாடியப் போட்டுக்கிட்டே கண்ணாடியத் தேடுதாக" என்றாள் அவள்.

இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், காதுக்குக் கருவி வையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த ஆறு மாதத்தை எப்படிக் கழிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. நான் போலீஸ்காரன்போல அவள் பின்னாலேயே அலைந்தேன். கேஸை அணைத்தாளா, மாத்திரை போட்டாளா, பால்காரரிடம் சரியாகப் பேசுகிறாளா. சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, "இன்னைக்குச் சொதி வைக்கப்போறேன்" என்றாள். பரண்மேல் இருந்த பெரிய உருளியை இறக்கித் தரச் சொன்னாள். பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

"என்னத்தப் பாக்கீய? வேல இல்லையா?"

மூன்றாம் பாலில் காயை வேகவிட்டாள். அடுத்து இரண்டாம் பால். முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதுமே பைய இறக்கி வைத்தாள். ஒரு திட்டு இல்லை. எலுமிச்சை பிழிந்தாள், இஞ்சிப் பச்சடியும் ஆயிற்று. என் வயிற்றில் பாலை வார்த்தாள். டாக்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரவுகள இன்னும் காணலியே. வந்தா இலையப் போட்டுரலாம்."

நான் பாலை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னைக்கு யாரும் வரலளா. நம்ம ரெண்டு பேருதான்" என்றேன். உங்களுக்கு என்ன தெரியும் என்று அவள் சீறுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்படியா? சரி, உக்காருங்க."

இலை போட்டுப் பரிமாறினாள். அப்படியொரு சொதியை நான் சாப்பிட்டதே இல்லை. உப்பு குறைவாக இருக்கிறது என்று வேண்டுமென்றே சொன்னேன். அவளுடைய சொதியைக் குறை சொன்னவர்கள் தப்பித்ததே இல்லை.

"இருக்கும்" என்று உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.