ரோஷன் பீவி வீட்டு எவர்சில்வர் துப்பாக்கி

இருசம்மாள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி சிங்காரத்துக்கு வாழ்க்கைப்பட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தவள். நாங்களெல்லாம் மீன் கூடை தூக்கினோம்; அவள் மட்டும் பாத்திரக் கூடை தூக்கினாள். கவிச்சி நாற்றம் அவளுக்கு ஆகாது என்று மாமியார் பேசினார். அது இல்லை. பளபளவென்று எதைக் கண்டாலும் அவளுக்கு எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தக் குணம்தான் அவளைப் பாத்திரத்தில் கொண்டுபோய் விட்டது.

பட்டணத்துக்குப் போய் எவர்சில்வர் சாமான் எடுத்து வருவாள். பழைய துணி, ஜரிகை போன பட்டுச் சேலை எதைக் கொடுத்தாலும் அதற்கேற்ற பாத்திரம் கொடுப்பாள். அப்போதுதான் எவர்சில்வர் வீடுகளுக்குள் வர ஆரம்பித்திருந்த காலம். இரும்புத் தட்டுக்கு மேலே பூச்சு பூசி எவர்சில்வர் என்று விற்றுவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள். பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்றில் அந்தத் தட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரிடம் வாங்கினாலும் இருசம்மாளிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர். விரலால் சுண்டி ஓசையும் கேட்பாள். அவள் சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது வருஷம் என்று நினைக்கிறேன். பழவேற்காட்டில் ரோஷன் பீவி வீட்டுக்கு நானும் இருசம்மாளும் போனோம். பெரிய வீடு, ஆனால் உள்ளே அந்த அம்மாவும் மகன் பஷீரும்தான். பஷீர் துபாயில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தான். மாமனார் காலத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய துணியைப் போட்டு ஒரு குடம் வாங்கலாம் என்று பீவி நினைத்திருந்தார். ஒரு பட்டுக் கைலியை உதறியதும் உள்ளேயிருந்து டங்கென்று விழுந்தது ஒரு கைத்துப்பாக்கி. சுழலுகிற உருளை வைத்தது. குண்டு இல்லை.

"யா அல்லா, இது இன்னாது?" என்று பீவி பின்னால் நகர்ந்தார்.

இருசம்மாள் நகரவில்லை. எடுத்து முந்தானையால் துடைத்தாள். முகம் தெரியும்படி மின்னியது.

"இந்த உப்புக் காத்துல இம்மாங்காலம் கெடந்து துரு புடிக்கலியே பீவிம்மா! இது எவர்சில்வரு. சந்தேகமே இல்ல" என்றாள்.

இடுப்பில் இருந்த காந்தத்தை அவள் எடுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தெருக் கோடி வரைக்கும், "பீவிம்மா வூட்ல எவர்சில்வர் துப்பாக்கி கீது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மறுநாள் போலீஸ் வந்துவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். பஷீரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

இருசம்மாள் சொன்னதை வைத்துக்கொண்டு சப் இன்ஸ்பெக்டர் பீவியிடம் கேட்டது இதுதான். எவர்சில்வரில் துப்பாக்கி செய்வதே இந்தப் பத்துப் பதினைந்து வருஷமாகத்தான், அதுவும் வெளிநாட்டில். உங்கள் மாமனார் செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அப்படியானால் இதைப் பெட்டியில் வைத்தது யார்? வெளிநாட்டிலிருந்து வந்தவன் இந்த வீட்டில் ஒருவன்தானே இருக்கிறான்?

மாதம் முடிவதற்குள் பஷீர் துபாய்க்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் வேலை போய்விடும். கடத்தல் கேஸ் என்று எழுதிவிட்டாலோ, திரும்புகிற பேச்சே இல்லை.

சேதி கேட்டதும் இருசம்மாள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, வா. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"போயி இன்னா சொல்லுவே?"

"சரியா பாக்காம சொல்லிட்டேன், இன்னொரு தபா பாக்குறேன்னு சொல்லுவேன்."

"உன் பொழப்பே உன் வாய்ச்சொல்லுலதாண்டி நிக்குது. தப்பா சொன்னேன்னு சொன்னா நாளைக்கு எவ உங்கிட்ட வாங்குவா?"

"அந்தப் புள்ள பொழப்பு இன்னா ஆவுறது?" என்று கூடையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

சப் இன்ஸ்பெக்டர் வயசில் சின்னவர்தான். எங்களை விரட்டவில்லை. "நீதானா அந்த எவர்சில்வர் அம்மா? ஊரே உன் பேரைத்தான் சொல்லுது. இப்ப இன்னா, மாத்திச் சொல்லச் சொல்லி அனுப்புனாங்களா?" என்று சிரித்தார்.

"யாரும் அனுப்பல சார். ஒரு தபா கண்ணுல காட்டுங்க. நீங்களும் கூடவே பாருங்க."

துப்பாக்கியை மேஜையில் துணி விரித்து வைத்தார். இருசம்மாள் காந்தத்தை வைத்தாள். டக்கென்று ஒட்டியது. அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா சார்! இரும்பு!"

"அவசரப்படாதேம்மா. துப்பாக்கிக்குப் போடற எவர்சில்வர் வேற கலவை. உன் தட்டு மாதிரி இல்ல. அதுலயும் காந்தம் ஒட்டும். எங்களுக்கு டிரெய்னிங்ல சொல்லியிருக்காங்க."

அவள் வாடிப்போவாள் என்று நினைத்தேன். அவளுக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. "எவர்சில்வர்லயே காந்தம் ஒட்டுற ஜாதி ஒண்ணு கீதா சார்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கூடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு இரண்டையும் திருப்பினாள். தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். சேர்த்து வைத்தபோது டம்ளர் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. துப்பாக்கியில் பாலில் ஒரு துளி மஞ்சள் விட்டது போல ஒரு சாயல். எனக்கே தெரிந்தது.

"நிக்கல் பூச்சு அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவாங்க" என்று சப் இன்ஸ்பெக்டரும் குனிந்தார். பிறகு அவரே விசையைக் காட்டினார். "இங்க பாரு, விசை மட்டும் கருநீலமா இருக்கு. எல்லாம் ஒரே எவர்சில்வரா இருந்தா இது ஏன் வேற நிறம்?" அவருக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

மரப்பிடி இரும்போடு சேருகிற இடத்தில் மிளகு மிளகாகக் கொப்புளம் இருந்தது. இருசம்மாள் நகத்தால் ஒன்றை நெம்பினாள். மீன் செதில் போல மெல்லிசாக ஒரு தகடு எழும்பியது. அடியில் கறுப்பு இரும்பு, அதில் செம்மண் நிறத்தில் துரு.

"சார், எவர்சில்வர வெட்டிப் பாத்தாலும் உள்ள அதே நெறந்தான். இது உரியுது."

"பூச்சுன்னு ஒத்துக்கறேன். ஆனா புதுத் துப்பாக்கிக்கும் பூச்சு பூசுறாங்களேம்மா. பழசுன்னு எப்படிச் சொல்றே?"

நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் இது எனக்குத் தெரிந்த விஷயம். "சார், எங்க படகு ஆணிக்கும் பெயிண்ட் அடிக்கிறோம். துரு உள்ள பூந்து பெயிண்ட இப்படித் தூக்கி நிக்கிறதுக்கே வருஷக்கணக்கா ஆவும். அது படகு, தண்ணியிலயே கெடக்குது. இது பட்டுத்துணி சுத்திப் பெட்டிக்குள்ள கெடந்துது. அந்தப் புள்ள வந்து ஒரு மாசம்கூட ஆவலியே" என்றேன்.

அவர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்தச் செதிலைக் காகிதத்தில் மடித்தார். பட்டணத்தில் ஆயுதம் பார்க்கிறவருக்கு அனுப்புகிறேன், அவர் சொல்வதுதான் முடிவு என்றார். "இருசம்மா, நீ முன்னால சொன்னது தப்புன்னு எழுதி வாசிப்பேன். கைநாட்டு வெப்பியா? வெளியில நிக்கிறவங்க காதுலயும் விழும்."

"சத்தமாவே வாசிங்க" என்றாள்.

வாசித்தார். வாசலில் நின்ற கூட்டம் கேட்டது. இவள் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.

பட்டணத்திலிருந்து பதில் வந்தது. உலக யுத்தத்துக்கு முந்திய காலத்துச் சாமான், நிக்கல் பூச்சு என்று இருந்ததாம். மாமனார் ரங்கூனில் கடை வைத்திருந்தபோது வாங்கியதாக இருக்கும் என்றார் பீவி. துப்பாக்கியை சர்க்கார் வைத்துக்கொண்டது, பாஸ்போர்ட் திரும்பி வந்தது. பஷீர் பொன்னேரி பஸ் ஏறின அன்றைக்கு ரோஷன் பீவி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கெடுத்தவளும் நீ, சரி பண்ணவளும் நீ. திட்டறதா கும்புடறதான்னு தெரியல. டீயக் குடி" என்றார். இருசம்மாள் குடித்தாள். வாயே திறக்கவில்லை. அதுவே எனக்குப் புதுசாக இருந்தது.

காசுக்கு ஆசைப்பட்டு மாற்றிச் சொன்னாள், பீவி வீட்டில் ஏதோ வாங்கினாள் என்று சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்த்தேன்.

குப்பத்தில் கொஞ்ச நாள் வியாபாரம் படுத்துத்தான் போனது. சுண்ணாம்புக்குளம் பக்கம் கூடையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா, மகளுக்குச் சீர் வைக்க ஒரு அண்டா எடுத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

"இன்னாடி இருசு, இது எவர்சில்வர்தானா? இல்ல, வாங்கினு போனப்புறம் ஸ்டேஷன்ல போயி மாத்திச் சொல்லுவியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருசம்மாளும் சிரித்தாள். காந்தத்தை எடுத்து கோவிந்தம்மா கையில் கொடுத்தாள்.

"நீயே பாரு. ஓரத்தப் பாரு, அடியப் பாரு, புடி சேர்ற எடத்தப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு."

கோவிந்தம்மா மணலில் உட்கார்ந்து, அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். காயப்போட்ட மீனைக் காக்காய் தூக்கியதுகூட ஒருத்திக்கும் தெரியவில்லை.